ஃபெர்ரியில் பருப்பு வேகுமா? நல்ல குணத்தைப் பழகுவது பற்றி

சனிக்கிழமை காலை. பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன். நடத்துபவர் எங்கள் அக்கா. உடன்பிறந்தவர் இல்லை, அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அக்கா. நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போவேன். வீடு பட்டர்வொர்த்தில் என்பதால் மோட்டாரோடு ஃபெர்ரி ஏறி அக்கரை போகவேண்டும். ஒன்பது மணிக்கு வகுப்பு. ஒன்பதாகப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா போன் செய்தார்.

"எங்கப்பா இருக்க?"

"ஃபெர்ரில இருக்கேன்கா. வந்துகிட்டே இருக்கேன்."

சொல்லி வாயை மூடவில்லை, எனக்குப் பின்னால் அடுப்பில் அம்மாவின் குக்கர் விசில் அடித்தது. சும்மா ஒரு விசில் இல்லை. நின்று, நீட்டி, மூச்சு வாங்கி அடித்த விசில். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏம்ப்பா, இப்பல்லாம் ஃபெர்ரிலயே பருப்பு வேக வைக்கிறாங்களா?"

வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் முன்னால் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். திரும்பி வரும்போது, ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில்தான் உறைத்தது. அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவே இல்லை. "இன்னும் வீட்லதான் இருக்கேன், அரை மணி ஆகும்" என்று சொல்லியிருந்தால் அக்கா என்ன செய்திருப்பார்? தமிழை முதலில் எடுத்துவிட்டுக் கணக்கைப் பிறகு வைத்திருப்பார். அவ்வளவுதான். பொய்க்கு ஒரு தேவையும் இல்லை, ஆனாலும் நாக்கு முந்திக்கொண்டது. பல வருடமாகச் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்துபோன ஒற்றையடிப் பாதை அது. போன் அடித்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது.

நல்ல குணத்தை முயற்சி செய்து வளர்த்துக்கொள்ள முடியுமா, முடியும் என்றால் எங்கே தொடங்குவது என்று முதன்முதலாக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதில் கரை கண்டவன் இல்லை என்பதற்கு அந்தக் குக்கரே சாட்சி.

பிறவிக் குணமா, பழகிய குணமா?

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ முடிவாகிவிட்டது. "அவன் பிறவிக் குணம் அப்படி." "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்." இந்தக் கடைசிப் பழமொழியைச் சற்று உற்றுப் பாருங்கள். தொட்டிலில் வந்ததைக் குணம் என்று அது சொல்லவில்லை, பழக்கம் என்றுதான் சொல்கிறது. பழகியது என்றால், பழகுவதற்கு முன்னால் ஒரு நாள் இருந்திருக்கவேண்டும்.

இயல்பு வேறு, பழக்கம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் படி. சிலருக்குச் சுள்ளென்று கோபம் வரும், சிலருக்கு நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். இதெல்லாம் பெரும்பாலும் உடம்போடு வருவது, மல்லுக்கட்டிப் பயனில்லை. ஆனால் பினாங்குப் பாலத்தில் ஒருவன் குறுக்கே புகுந்தால் கோபம் வருவது இயல்பு, கண்ணாடியை இறக்கி அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவது பழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. நாம் கை வைக்கக்கூடிய இடம் அந்த ஒரு மூச்சுதான்.

யோசிக்காமல், யாரும் பார்க்காதபோது, அவசரத்தில் எது தானாக வருகிறதோ அதைத்தான் நான் குணம் என்கிறேன். நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் எல்லாரும் நல்லவர்கள்தான்.

ஒழுக்கம் என்ற நம் சொல்லிலேயே இது இருக்கிறது. வேர் 'ஒழுகு'. கூரை ஒழுகுகிறது என்கிறோமே, அதே ஒழுகு. ஒரே போக்கில், விடாமல் போய்க்கொண்டிருப்பது. ஒரு நாள் செய்த பெரிய தியாகத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. கிரேக்க மொழியிலும் இப்படி ஓர் ஒற்றுமை உண்டு. குணத்துக்கு அவர்கள் சொன்ன சொல் 'ஈதோஸ்', பழக்கத்துக்கு 'எதோஸ்'. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பு அரிஸ்டாட்டில் இந்த ஒலி ஒற்றுமையைச் சுட்டிக்காட்டித்தான் தன் பேச்சைத் தொடங்குகிறார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ் வாசிப்பவன் ஆகிறான். அதுபோல நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயமானவன் ஆகிறான் என்பது அவர் வாதம். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாக நினைக்கிறோம்: முதலில் உள்ளே நல்லவனாக மாறவேண்டும், பிறகு நல்லது தானாக வரும் என்று. அப்படி உட்கார்ந்து காத்திருந்தவன் எவனும் கொத்தனார் ஆனதில்லை.

ஔவையாரின் தனிப்பாடல் ஒன்று நம் எல்லாருக்கும் பாதியாவது தெரியும். "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்." அந்தப் பாட்டின் கடைசி அடியைப் பலர் சொல்வதில்லை: "நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்." அதாவது ஓவியம், பேச்சு, படிப்பு, நடை எல்லாம் பழகி வரும், நட்பும் இரக்கமும் கொடுக்கும் மனமும் மட்டும் பிறவியிலேயே வரவேண்டும் என்கிறார். ஔவையோடு சண்டை போட எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. ஆனால் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் வரிசையாக நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஐந்து வயதுப் பொடிசுகள் இரண்டு கையிலும் மோர்க் குவளையை ஏந்திக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிடும். "அங்கிள், எடுத்துக்குங்க! ஆண்ட்டி, எடுத்துக்குங்க!" நாம் வாங்கவில்லை என்றால் அதுகளுக்கு முகம் சுருங்கிப்போகும். அந்தப் பிள்ளைகள் எல்லாம் கர்ணனாகப் பிறந்தவையா? அப்பாவும் தாத்தாவும் வருடா வருடம் பந்தல் போட்ட வீட்டில் பிறந்தவை. கொடுக்கும்போது கை எப்படி நீள வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் கொடையும் கைப்பழக்கம்தான்.

36 நெறியும் மனப்பாடம்

எங்கள் காலத்தில் பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வில் மோரல் (நன்னெறி) பாடத்துக்கு 36 நெறிகள். ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு வரையறை, வரி பிசகாமல் எழுதவேண்டும். ஃபெர்ரியிலும் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே போவோம். நேர்மைக்கு வரையறை எழுதும்போது பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தவனை எனக்குத் தெரியும். (அவன் என்னைவிட நல்ல மதிப்பெண் எடுத்தான் என்பது வேறு கதை.) திங்கட்கிழமை சபைகூடலில் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா வேறு, 1970இல் அறிவிக்கப்பட்ட அந்த ஐந்து கோட்பாடுகளில் கடைசியே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். கையை உயர்த்திச் சொல்லிவிட்டு, வகுப்புக்குப் போகிற வழியில் வரிசையை உடைத்து ஓடுவோம்.

பாடத்தைக் குறை சொல்லவில்லை. பெயர் தெரியாததைத் தேட முடியாது. பெயராவது தெரிந்ததே லாபம். ஆனால் நீந்துவது எப்படி என்று மனப்பாடம் செய்தவனைப் பினாங்கின் பத்து பிராங்கி கடலில் தள்ளிவிட முடியாது, இல்லையா? "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்கிறது குறள். நகைக்கடைக்காரர் பளபளப்பைப் பார்த்துத் தங்கத்துக்கு விலை போடுவதில்லை. கட்டளைக் கல் எனும் கருப்புக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்து, விழுந்த கோட்டைப் பார்ப்பார்.

1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை இப்படித்தான் உரைத்துப் பார்த்தார்கள். தேர்வில் விடையை மாற்ற வாய்ப்புக் கொடுத்தார்கள், விளையாட்டில் புள்ளியைக் கூட்டிச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள், காசை எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். நேர்மையான பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பார்கள் என்றுதானே நினைப்போம்? பிரியவில்லை. தேர்வில் ஏமாற்றியவன் காசைத் தொடவில்லை. காசை எடுத்தவன் விளையாட்டில் நேர்மையாக இருந்தான். ஒரு சூழ்நிலையில் நடந்துகொண்டதை வைத்து இன்னொன்றில் எப்படி நடப்பான் என்று சொல்வது கடினமாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அவமானமும் ஆறுதலும் சேர்ந்தே வந்தன. கோயில் கணக்கில் ஒரு காசு பிசகினால் இரவு தூங்காத ஆள் நான். அதே ஆள்தான் போனில் ஃபெர்ரி ஏறுகிறேன். ஆக "நான் நேர்மையானவன்" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை; எந்த இடத்தில் என்று கேட்கவேண்டும். பழகுகிறவனுக்கு இது நல்ல செய்தி. மலையையே பெயர்க்க வேண்டாம், ஒரு கல்லைப் பிடித்து ஆட்டினால் போதும்.

ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள்

"இனிமேல் பொய் சொல்லமாட்டேன்" என்று சபதம் எடுப்பது வீண். எவ்வளவு பெரியது என்றே தெரியாத வேலைக்குக் கூலி பேசுவது மாதிரி. நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியத்தை: "வந்துகிட்டே இருக்கேன்." அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்வது. மற்ற பொய்களை அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்ன ஓர் எளிய உத்தி இதற்கு உதவியது. "நல்லவனாக நடந்துகொள்வேன்" என்பது ஆசை. "இது நடந்தால், உடனே இதைச் செய்வேன்" என்பது திட்டம். முன்கூட்டியே இப்படி முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட அதிகமாகச் சொன்னதைச் செய்து முடித்தார்கள். அந்த நேரத்தில் யோசிக்கவேண்டிய வேலை குறைந்துவிடுகிறது என்பதே காரணம். என் முடிச்சு இதுதான்: "எங்க இருக்க என்று யாராவது கேட்டால், முதலில் என் கண்ணுக்கு எதிரே என்ன தெரிகிறதோ அதைச் சொல்வேன்." குளியலறைக் கதவு தெரிந்தால் குளியலறைக் கதவு. ஃபெர்ரித் துறையில் வரிசை தெரிந்தால் ஃபெர்ரித் துறை வரிசை.

முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. மாமாக் கடையில் காத்திருந்த நண்பனிடம் "எதிர்ல அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன். "டேய், நான் ரெண்டாவது தே தாரிக் குடிச்சுட்டேன்டா" என்று கத்தினான். திட்டு வாங்கினேன். பொய் சொல்லியிருந்தால் இந்தத் திட்டு இருபது நிமிடம் தள்ளிப்போயிருக்கும். அப்போதுதான் புரிந்தது, நான் அத்தனை வருடமும் பொய் சொன்னது யாரையும் ஏமாற்ற இல்லை. திட்டைத் தவணை முறையில் வாங்கத்தான்.

இன்னொன்றும் புரிந்தது. இந்தப் பொய்யின் வேர் வாயில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. நேரத்துக்குக் கிளம்பியவனுக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே வராது. பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சி மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் இருவரும் நடத்தி 1973இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். வழியில் ஓர் ஆள் வாசலில் சுருண்டு இருமிக்கொண்டு கிடப்பான். அவன் ஏற்பாட்டு ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். சரியான நேரம்தான் என்று அனுப்பப்பட்டவர்களில் 45 சதவீதம். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். அவர்களில் சிலர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றித்தான்! கருணையைப் பற்றிப் பேசும் அவசரத்தில் கருணையைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

சோதனையில் 40 பேர்தான், சின்ன எண்ணிக்கை. இருந்தாலும் நம் அன்றாடத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. நல்ல குணம் வேண்டும் என்பவர் முதலில் செய்யவேண்டிய வேலை, சில சமயம், அலாரத்தை இருபது நிமிடம் முன்னால் வைப்பதாக இருக்கலாம். கேட்பதற்குக் காவியத்தன்மை இல்லைதான்.

48 நாள் நல்லவர்கள்

மனவுறுதி இல்லை, அதனால்தான் முடியவில்லை என்று சொல்பவர்களைத் தைப்பூச மாதத்தில் பார்க்கவேண்டும். எனக்கு லோரி ஓட்டும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் வாயைத் திறந்தால் மூன்றாவது சொல் கெட்ட வார்த்தை. காவடிக்கு 48 நாள் விரதம் இருந்தான். மச்சம் மாமிசம் இல்லை, பீர் இல்லை, தரையில் பாய் விரித்துப் படுக்கை. கெட்ட வார்த்தையும் இல்லை. பிறை நகரச் சாலை நெரிசலில் ஒரு கார் அவன் லோரியை உரசிக்கொண்டு போனபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு அசைந்தது. "முருகா" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டான். நான் அசந்துபோனேன்.

தைப்பூசம் முடிந்து மறுநாள் மதியத்துக்குள் பழைய வாய் திரும்பிவிட்டது. வட்டி சேர்த்து.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நான் இதில் வேறொன்றைப் பார்க்கிறேன். 48 நாள் அடக்கியவனுக்கு அடக்கும் வலு இல்லை என்று எப்படிச் சொல்வது? வலு இருந்தது. விரத காலத்தில் அவனைச் சுற்றி ஒரு முழு ஏற்பாடும் இருந்தது. கழுத்தில் மாலை, கண்ணுக்குத் தெரியும் அடையாளம். வீட்டில் அம்மா சமையலையே மாற்றிவிட்டார், அதனால் சட்டியில் கோழி இல்லை. ஆசையோடு சண்டை போடவேண்டிய தேவையும் இல்லை. நண்பர்களுக்கும் தெரியும், பீர் வாங்கி நீட்டமாட்டார்கள். வாய் தவறினால் "விரதத்துல இருக்க, என்ன பேச்சு இது?" என்று கேட்கப் பத்துப் பேர். எல்லாவற்றுக்கும் மேலே, எதற்காகச் செய்கிறோம் என்பது தெளிவு. தைப்பூசம் முடிந்ததும் இத்தனை தாங்குகட்டைகளும் ஒரே நாளில் உருவப்பட்டன. கூரை சரிந்தது. சரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவன் எடுத்துக்கொண்ட வாக்கும் "48 நாளைக்கு" என்பதுதான். "இன்று முதல்" என்பது இல்லை. முடியும் தேதி தெரிந்த ஓட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். வாழ்நாள் முழுக்க மூச்சைப் பிடிக்க முடியாது.

48 நாள் போதாதா, பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. காலை உணவுக்குப் பின் இது, இரவு உணவுக்கு முன் அது என்று ஆளுக்கு ஒரு புதிய பழக்கம். யோசிக்காமல் செய்யும் நிலை வருவதற்கு எடுத்த நாள்கள் நடுவாக 66. ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பன்னிரண்டு வாரப் போக்கை நீட்டிக் கணித்ததில், ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. அதைவிட எனக்குப் பிடித்த முடிவு வேறு: நடுவில் ஒரு நாள் தவறவிட்டது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. நம் ஊரில் ஒரு நாள் தவறினால் "விரதம் கெட்டுப்போச்சு" என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிறோமே, அந்த எண்ணம் பழக்கத்துக்குப் பொருந்தாது. ஒன்று சொல்லவேண்டும்: அங்கே அவர்கள் பழகியது பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்றவை. கெட்ட வார்த்தையை விடுவது அதைவிடச் சிக்கலானது. தூண்டுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறான்.

நண்பனிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை, விளக்கினால் அடிப்பான். "அந்த மாலையக் கழட்டி எங்க வச்ச?" என்று மட்டும் கேட்டேன். சாமி மேடையில் வைத்திருந்தான். இப்போது அது லோரிக் கண்ணாடியில் தொங்குகிறது. லோரிக்குள் மட்டும் வாயைக் கட்டுவது என்று ஒப்பந்தம். "பாதி நாள் வேலை செய்யுது மச்சான்" என்கிறான். கீழே இறங்கிவிட்டால் பழைய ஆள்தான். பாதி நாள் என்பது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். லோரியில் கூடப் போகும் அவன் அட்டெண்டனும் அப்படித்தான் நினைக்கிறான்.

நோட்டில் ஒரு புள்ளி

எனக்கு மாலை கிடையாது, அதனால் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். கணக்குப் பிள்ளை புத்தி. ராத்திரி படுக்கும்முன், அன்று "வந்துகிட்டே இருக்கேன்" பொய் சொல்லியிருந்தால் ஒரு புள்ளி. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின் இளைஞராக இருந்தபோது 13 நற்குணங்களை எழுதி, வாரத்துக்கு ஒன்று என்று கவனம் வைத்து, தவறியதற்கெல்லாம் கரும்புள்ளி குத்தினார். 13 வாரம் ஒரு சுற்று, ஆண்டுக்கு நாலு சுற்று. முதலில் பட்டியலில் 12தான் இருந்தன. "நீ ஆணவக்காரன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் சொன்ன பிறகே பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். சாமான்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. பணிவு வந்துவிட்டது என்று நினைத்தால், அந்தப் பணிவைப் பற்றியே பெருமை வந்துவிடும் என்றும் ஒப்புக்கொண்டார். மனிதர்!

ஆனால் அதே பிராங்க்ளின் பல ஆண்டுகள் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். வயதான காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பது உண்மை. இருந்தாலும் அந்த 13 கட்டங்களில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. நோட்டின் பலவீனம் இங்கேதான்: நமக்குத் தெரிந்த குறைக்கு மட்டுமே நாம் கட்டம் போடுவோம். ஆணவத்தை அவருக்குக் காட்டியது நோட்டு இல்லை, ஒரு நண்பர். என் பொய்யைக் காட்டியது அக்கா. ஆகவே நம் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஓர் ஆள் அவசியம். சொன்ன பிறகும் நம்மை வீட்டுக்குக் கூப்பிடும் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிய வேண்டாம், ஒருவர் போதும். எனக்கும் அதற்கு மேல் தாங்காது.

நோட்டில் முதல் மாதம் 19 புள்ளி. இரண்டாவது மாதம் 11. மூன்றாவது மாதம் 12, ஒன்று கூடிவிட்டது. நாலாவது மாதம் 4.

இடையில் ஒரு கோளாறு. உண்மை பேசும் உற்சாகத்தில், உறவுக்காரர் வீட்டு விருந்தில் பாயசம் எப்படி என்று கேட்ட அத்தையிடம் "அடி பிடிச்சிருக்கு" என்று நாலு பேர் நடுவே சொல்லிவிட்டேன். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே வீரம் இருப்பதுபோல ஒவ்வொரு நற்குணமும் இரண்டு பள்ளத்துக்கு நடுவே போகும் மேடு என்கிறார் அரிஸ்டாட்டில். உண்மைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட பயிற்சி எங்கே இருக்கிறேன் என்பதைப் பற்றியது. பாயசத்தைப் பற்றியது அல்ல. அத்தையிடம் மறுநாள் போன் செய்து பேசினேன். அடி பிடித்தது உண்மைதான் என்று அவரே சொன்னார், ஆனால் குரலில் இனிப்பு இல்லை.

போன சனிக்கிழமை எட்டு ஐம்பதுக்கு அக்காவிடமிருந்து போன்.

"எங்கப்பா இருக்க?"

"வீட்லதான்கா. சட்டை தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். ஒன்பதரை ஆயிடும்."

"குக்கர் சத்தமே கேக்கலையே?"

"இன்னைக்குத் தோசைக்கா."

அக்கா சிரித்தார். பிறகு சொன்னார்: "உண்மையச் சொல்ற, ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா நாலு மாசமா உண்மையச் சொல்லிச் சொல்லியே லேட்டா வர்றியே, அதுக்கு உன் நோட்டுல கட்டம் இருக்கா?"

இல்லை. அன்று இரவு ஸ்கேலை வைத்து இரண்டாவது கோடு போட்டேன்.